இங்கிலாந்தில் பள்ளி லீவு: சின்னவனை எங்கே விடுவது, பெரியவளை யார் பார்ப்பது?

புதிதாக வந்த குடும்பங்கள் கோடை விடுமுறையை மட்டும்தான் கணக்கில் வைத்திருப்பார்கள். கோடைக்கு 6 வாரம் போக, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் இரண்டிரண்டு வாரம், அக்டோபர், பிப்ரவரி, மே மாதங்களில் ஹாஃப் டேர்ம் எனப்படும் பருவ இடைவேளை என்று ஒவ்வொரு வாரம். மொத்தம் 13 வாரம் பள்ளி இருக்காது. முழுநேர வேலைக்குச் சட்டப்படி கிடைக்கும் சம்பள விடுப்போ ஆண்டுக்கு 28 நாள்தான். பேங்க் ஹாலிடே எனப்படும் பொது விடுமுறைகளையும் அதிலேயே சேர்த்துவிடும் நிறுவனங்கள் உண்டு. கணவனும் மனைவியும் மாற்றி மாற்றி லீவு போட்டாலும் எட்டாது.

பிள்ளைகளுக்கு வயது வித்தியாசம் இருந்தால், இருவரையும் ஒரே இடத்தில் விடலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே தள்ளி வையுங்கள். பள்ளி லீவில் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஹாலிடே கிளப்புகள் பெரும்பாலும் 4, 5 வயதிலிருந்து 11 வரைதான் எடுப்பார்கள். 3 வயதுத் தம்பிக்கும் 12 வயது அக்காவுக்கும் அங்கே இடமில்லை.

சின்னதிலிருந்து தொடங்குவதுதான் சரி. பள்ளியோடு சேர்ந்த நர்சரி வகுப்பு லீவில் மூடிவிடும். தனியார் நர்சரிகள் பல ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். 3 வயது முடிந்த அடுத்த டேர்மிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரம் 15 மணி நேரம் இலவசம், பெற்றோரின் விசா எதுவானாலும். அது 38 வாரத்துக்கான கணக்கு. வார நேரத்தைக் குறைத்து அதையே ஆண்டு முழுக்கப் பரப்பித் தரும் நர்சரிகளும் இருக்கின்றன. சேர்க்கும்போதே கேளுங்கள். சின்னவனுக்கு இப்படி அமைந்துவிட்டால், லீவில் பெரிய பிள்ளைக்கு மட்டும் இடம் தேடினால் போதும்.

3 வயதும் 7 வயதுமாக இருந்தால் என் முதல் தேர்வு சைல்ட்மைண்டர்தான், அதாவது தன் வீட்டிலேயே பணத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். ஒரே வீடு, ஒரே ஆள், இரண்டும் ஒன்றாக இருக்கும். பொதுவாக ஒருவர் 8 வயதுக்குட்பட்ட 6 பேர் வரை பார்க்கலாம், அதில் 5 வயதுக்குட்பட்டவர்கள் 3 பேருக்கு மேல் கூடாது. அதனால் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்த ஆன்ட்டி என்றாலும், 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன் வீட்டில் நாள் முழுக்கப் பணத்துக்குப் பார்ப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும்.

கிளப் பார்க்கும்போது படத்தில் இருக்கும் விளையாட்டுகளை விட நேரத்தைப் பாருங்கள். பத்து மணி முதல் மூன்று மணி வரை என்றால் வேலைக்குப் போகிறவருக்கு உதவாது. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை தருபவர்களும் இருக்கிறார்கள், கட்டணம் கூடும். படிவத்தில் யார் வந்து கூட்டிப் போவார் என்ற இடத்தில் அம்மா, அப்பாவோடு மூன்றாவதாக ஒருவர் பெயரையும் எழுதுங்கள். சில கிளப்புகள் ஒரு கடவுச்சொல்லும் கேட்கும். ரயில் தாமதமாகும் நாளில் பக்கத்து வீட்டுக்காரர் போய் நின்றால், பட்டியலில் பெயர் இல்லாமல் பிள்ளையை விட மாட்டார்கள்.

செலவுக்கு, வேலை பார்க்கும் பெற்றோருக்கு அரசு உதவும் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் என்ற இணையக் கணக்கு இருக்கிறது. நீங்கள் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரை. பதிவு பெற்ற இடங்களுக்கு மட்டும்தான் செல்லும். 11 வயது முடிந்தபின் வரும் செப்டம்பரோடு நின்றுவிடும். விசாவில் அரசு நிதி கிடையாது என்ற நிபந்தனை இருந்தால், விண்ணப்பிக்கும் முன் தகுதி விதிகளைக் கவனமாகப் படியுங்கள்.

இப்போது பெரியவள். 'அக்கா பார்த்துக்கொள்வாள்' என்று விட்டுப் போவது நம் வீடுகளில் சாதாரணம். இங்கே தனியாக விடக் குறைந்தபட்ச வயது என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. ஆனால் பிள்ளையை ஆபத்தில் விட்டதாகத் தெரிந்தால் வழக்கு வரலாம். 12 வயதுக்குட்பட்டவர்களை நீண்ட நேரம் தனியாக விட வேண்டாம் என்பது என்எஸ்பிசிசி என்ற குழந்தைகள் பாதுகாப்புத் தொண்டு அமைப்பின் அறிவுரை. 16 வயதுக்குக் கீழுள்ள அக்கா தம்பியைப் பார்த்துக்கொண்டாலும் பொறுப்பு பெற்றோருடையதே. சட்டத்தை விடுங்கள், அவளுக்கும் அது லீவு. தம்பியைத் தூக்கிக்கொண்டே ஆறு வாரம் கழிய வேண்டியதில்லை. கவுன்சில் விளையாட்டு மையங்கள், நூலகம், தோழி வீடு என்று அவளுக்கும் ஓர் அட்டவணை போடுங்கள். அவளையே உட்கார வைத்துக் கேட்டுப் போட்டால் இன்னும் நல்லது.

ஊரிலிருந்து அம்மா, அப்பாவை வரவழைப்பதும் ஒரு வழி. விசிட்டர் விசாவில் வருபவர் குறுகிய காலம் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தடையில்லை, ஆனால் அது சம்பள வேலையாக ஆகக்கூடாது. தாத்தா பாட்டியால் நாள் முழுக்க இரண்டு பேர் பின்னால் ஓட முடியுமா என்பதையும் யோசியுங்கள். பெரியவளைச் சில நாள் விளையாட்டு மையத்துக்கோ தோழி வீட்டுக்கோ அனுப்பினால் அவர்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

அப்புறம் தேதிகள். ஒரு பிள்ளை தொடக்கப் பள்ளியிலும் இன்னொன்று செகண்டரியிலும் இருந்தால் விடுமுறைத் தேதிகள் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். அரசு நிதியில் நடந்தாலும் கவுன்சிலின் கீழ் வராத அகாடமி பள்ளிகள் தங்கள் தேதிகளைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் பயிற்சிக்கான இன்செட் நாள்கள் ஆண்டுக்கு ஐந்து, அவையும் பள்ளிக்குப் பள்ளி மாறும். இரண்டு பள்ளிகளின் நாட்காட்டியையும் செப்டம்பரிலேயே எடுத்து, லீவு விண்ணப்பத்தை மேனேஜரிடம் மற்றவர்களுக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.