எத்தனை வாசலில் போய்ச் சொல்வது? ஊராட்சிப் பொறுப்புக்கு வரும் பெண்களுக்கு

2020 சனவரி 6 அன்று, திண்டுக்கல் மாவட்டத்தில் மல்லிகை விளையும் ஓர் ஊராட்சிக்குத் தலைவராகப் பொறுப்பேற்றேன். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம். மூன்றாம் மாதமே ஊரடங்கு வந்தது. பூச்சந்தை மூடிக் கிடந்தது. ஆண்கள் வீட்டோடு இருந்தார்கள். அடி விழுகிற வீடுகளில் அடி கூடியது. ஒரு நாள் விடிவதற்கு முன்பே ஒரு பெண் மஞ்சப்பையோடு என் வாசலில் நின்றார். இடது காதுக்குக் கீழே வீங்கியிருந்தது. என்னிடம் வருமுன் ஆறு பேரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். கணவனின் மாமா, மகளிர் குழுத் தலைவி, மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எழுதியவர், மருத்துவர், ஒரு காவல் நிலையத்தில் இருந்த எழுத்தர், மறுநாள் அதே மேசையில் உட்கார்ந்திருந்த வேறொருவர். எல்லோரும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். எல்லோரும் அடுத்த வாசலைக் காட்டினார்கள்.

நான் ஏழாவது ஆள். கணவனை வரவழைத்து, நான்கு பெரியவர்கள் முன்னிலையில் "இனி கை நீட்ட மாட்டேன்" என்று எழுதி வாங்கினேன். நல்லது செய்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். இருபது நாள் கழித்து அந்தப் பெண்ணின் வலது கை எலும்பு முறிந்தது. அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: எழுதி வாங்காதீர்கள். ஊராட்சிக்கு வழக்கை விசாரிக்கும் அதிகாரம் கிடையாது. சேர்த்து வைப்பதும் நம் வேலை கிடையாது. அந்தப் பெண்ணை உரிய இடத்தில் சேர்ப்பதும், சேர்ந்தாரா என்று பார்ப்பதும், அவர் கேட்கிற உதவி வந்து சேரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதும்தான் நமக்கு உள்ள வேலை. அதை ஐந்து ஆண்டுகள் செய்து பார்த்ததில் எங்கள் ஊருக்கு ஒத்துவந்தவற்றைச் சொல்கிறேன்.

யார் எந்தத் துறை என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் மாநிலத்தில் ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு துறையில் இருக்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளர் ஒரு துறை, கிராம சுகாதார செவிலியர் இன்னொரு துறை, கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறை, மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு மகளிர் திட்டத்தின் கீழ் வருகிறது. ஒன்றியத்தில் சமூக நலத் துறையின் ஊர்நல அலுவலர் இருக்கிறார். மாவட்டத்தில் மாவட்ட சமூக நல அலுவலர், குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலர், சகி என்கிற ஒருங்கிணைந்த சேவை மையம். நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு. காவல் துறை தனி. ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. ஒரே பெண்ணைப் பற்றி நான்கு துறைகளில் நான்கு தாள் இருந்தது, ஒரு தாளும் அடுத்த தாளைப் பார்த்ததில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு பக்கம். இப்போது இருப்பவரின் பெயர், எண், எந்த நாளில் எங்கே இருப்பார் என்பதை எழுதுங்கள். ஆள் மாறினால் அடித்துவிட்டு அதே பக்கத்தில் புதுப் பெயரை எழுதுங்கள். போனில் மட்டும் சேமித்து வைத்தால் போன் கெட்டதோடு போய்விடும். 181 மகளிர் உதவி எண், 1098 குழந்தைகளுக்கு, 112 அவசரத்துக்கு, 15100 இலவச சட்ட உதவிக்கு. இந்த நான்கையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ரேஷன் கடைச் சுவரிலும் பெரிதாக எழுத வையுங்கள்.

இன்னொன்று. உங்கள் போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். கணவரோ மகனோ எடுத்துப் பேசுகிற எண்ணுக்கு எந்தப் பெண்ணும் இரவு பதினோரு மணிக்கு அழைக்க மாட்டாள். பொறுப்பேற்ற முதல் வாரம் என் கணவரிடம் இதை நேராகச் சொன்னேன். வருத்தப்பட்டார், பிறகு புரிந்துகொண்டார்.

புதன்கிழமையைப் பயன்படுத்துங்கள்

ஒருங்கிணைப்புக் கூட்டத்தை முதலில் ஊராட்சி அலுவலகத்தில் வைத்தேன். வாசலில் எப்போதும் பத்து ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், எந்தப் பெண் உள்ளே போகிறாள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். எங்கள் செவிலியர்தான் வழி சொன்னார். புதன்கிழமை தடுப்பூசி நாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பெண் வந்தாலும் ஏன் போனாய் என்று வீட்டில் கேட்க முடியாது. அன்று பகலில் அவரைப் பார்க்க வருகிறவர்களிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசலாம். மாதத்தின் இரண்டாம் புதன் மாலை நான்கு மணிக்கு, அங்கன்வாடியில், நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்தோம்: நான், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், கூட்டமைப்புத் தலைவி, ஒரு பெண் வார்டு உறுப்பினர், முடிந்தபோதெல்லாம் ஊர்நல அலுவலர். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனதில்லை. போன மாதம் யாரை எங்கே அனுப்பினோம், போய்ச் சேர்ந்தாரா, இப்போது எப்படி இருக்கிறார் என்பதைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை.

ஊர்நல அலுவலர் முதலில் வரவில்லை. அவருக்குப் பல ஊராட்சிகள், வண்டி கிடையாது. குறை சொல்லிப் பயனில்லை என்று, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஊராட்சித் தீர்மான நகலோடு போய், இந்த நாளில் இந்த நேரத்தில் இவர் வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். வாயால் கேட்டபோது நடக்காதது, எழுத்தில் கேட்டு நகலில் முத்திரை வாங்கியதும் நடந்தது. அங்கும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் அந்த முத்திரை நகலையே மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.

ஒரு பக்கத் தாள்

இதுதான் எங்கள் ஊரில் மிகவும் பயன்பட்டது. ஒரு பெண் வந்தால் ஒருவர்தான் கேட்பார். கேட்டதை ஒரே பக்கத்தில் எழுதி, படித்துக் காட்டி, அவர் சம்மதித்தால் கையெழுத்து வாங்குவோம். என்ன நடந்தது, எப்போது, உடம்பில் எங்கே வலி, எத்தனை குழந்தைகள், அவருக்கு என்ன வேண்டும். கடைசி இரண்டு கேள்விகளை மறக்கவே கூடாது: எந்த நேரத்தில் போன் செய்தால் ஆபத்தில்லை, யாருடைய எண்ணுக்குச் செய்யலாம். ஒரு பெண் "காலை ஆறிலிருந்து எட்டு வரை, அவர் சந்தைக்குப் பூ கொண்டுபோகும்போது, பக்கத்து வீட்டு எண்ணில்" என்றார். அதை எழுதி வைக்காமல் இருந்திருந்தால் யாராவது ஒரு அதிகாரி மாலையில் நேராக அழைத்திருப்பார்.

தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். எந்த எண் யார் என்பது தனி நோட்டில். அது பூட்டிய பெட்டியில் இருக்கும், சாவி இரண்டு பேரிடம். பெயர் தேவைப்படும் அதிகாரியிடம் நேரில் சொல்வோம். வாட்ஸ்அப் குழுவில் படமோ பெயரோ போடவே கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். அதைத் தாண்டி, ஊரில் அந்தப் பெண் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.

இந்தத் தாளோடு பாதுகாப்பு அலுவலருக்குப் போன் செய்கிறோம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, வன்முறை நடக்கிறது என்று தெரிந்த யாரும் அவரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னதற்காக நம்மீது வழக்கு வராது. அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து குற்றவியல் நடுவருக்கு அனுப்புவார். பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை, பராமரிப்புப் பணம், குழந்தைகளின் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தேதி தள்ளிப் போகிறது. அதனால் முதல் நாளிலேயே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். வீட்டைவிட்டு வெளியே போனால்தான் வழக்குப் போட முடியும் என்று பல பெண்கள் நம்புகிறார்கள். அது உண்மையில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்குத் தனியாக அனுப்பாதீர்கள்

இதில் நாங்கள் பட்டது அதிகம். காயத்தோடு போகிற பெண்ணுக்குத் துணையாகக் கணவனோ மாமியாரோ போவார்கள். எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்டால், பின்னால் நிற்பவரைப் பார்த்துவிட்டு "படியில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்பார். ஏ.ஆர். என்று சொல்கிற விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். கை முறிந்த பெண்ணுக்கு இதுதான் நடந்தது.

அதற்குப் பிறகு செவிலியரோ கூட்டமைப்பிலிருந்து ஒருவரோ கட்டாயம் கூடப் போனோம். உறவினரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, யார் அடித்தார், எதைக் கொண்டு அடித்தார், எத்தனை மணிக்கு என்று அந்தப் பெண்ணையே மருத்துவரிடம் சொல்ல வைத்தோம். பதிவேட்டில் அது ஏறியதா என்று கேட்டுக்கொண்டு, பதிவேட்டின் எண்ணைத் தாளில் குறித்தோம். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். எல்லை எங்களுடையது இல்லை என்று சொன்னால், எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது என்பதைப் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

அன்று இரவு தங்க இடம் இல்லை என்றால் ஒருங்கிணைந்த சேவை மையம். ஐந்து நாள்வரை தங்கலாம். ஆலோசனை, சட்ட உதவி, மருத்துவ உதவி எல்லாம் அங்கிருந்தே கிடைக்கும். ஆனால் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸோடு நின்றுவிடும், மேலே போகிற பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கக் கையில் காசு இருக்காது. கூட்டமைப்பில் பேசி, இதற்கென்று ஐநூறு ரூபாயை எப்போதும் ஒரு டப்பாவில் வைத்திருந்தோம்.

குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் யோசிக்க ஒன்றும் இல்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் நமக்கே தண்டனை. சிறுமிக்குக் கல்யாணம் பேசி முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் வருவார்கள். 1098க்கு அவர்கள் முன்னாலேயே போன் செய்யுங்கள்.

வேலைத்தளத்தில் நடக்கிற பாலியல் தொல்லைக்கும் வழி இருக்கிறது. பூக்கட்டும் கூடத்திலோ கமிஷன் கடையிலோ பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிறார்கள் என்றால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஒன்றியத்தில் அதற்கான பொறுப்பு அலுவலர் யார் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். அவரிடம் கொடுத்தால் ஏழு நாளில் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும்.

கிராம சபையில் எதைப் பேசுவது

தனிப்பட்ட யாருடைய கதையையும் பேசாதீர்கள். பொதுவானதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எங்கள் ஊரில் மல்லிகை பறிக்கப் பெண்கள் நாலு மணிக்குக் கிளம்புவார்கள். தெருவிளக்கை நாலு மணிக்கே அணைத்துவிடுவது பழைய வழக்கம், மின்கட்டணம் மிச்சம் என்று. இரண்டு இளம்பெண்களை ஓடைப் பாலத்தருகே ஒருவன் வழிமறித்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. மே 1 கிராம சபையில் ஆறு மணிவரை விளக்கு எரிய வேண்டும், பாலத்தில் புதிதாக இரண்டு விளக்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். செலவு என்று ஒருவர் எழுந்து எதிர்த்தார். பூ பறிக்கும் ஒரு பாட்டி எழுந்து, "நாங்கள் இருட்டில் பறித்த பூவைத்தான் உங்கள் வீட்டில் சாமிக்கு வைக்கிறீர்கள்" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறிவிட்டால் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அதற்குப் பணமும் எழுதுங்கள். மகளிர் நேய ஊராட்சி என்பது அந்தத் திட்டத்தின் ஒன்பது கருப்பொருள்களில் ஒன்று. அந்தத் தலைப்பில் எழுதிக் கேட்டால் மறுப்பது கடினம்.

2025 சனவரி 5 அன்று எங்கள் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சி தனி அலுவலரிடம் போனது. நாற்பது பக்க நோட்டைக் கூட்டமைப்புத் தலைவியிடமும், பெட்டிச் சாவியைச் செவிலியரிடமும் கொடுத்தேன். டப்பாவில் ஐநூறு ரூபாய் இருந்தது, எண்ணிக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். இரண்டாம் புதன் வந்தது. போகலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டே நாலரை மணிக்கு அங்கன்வாடிக்குப் போனேன். நான்கு பேர் ஏற்கெனவே பாயில் உட்கார்ந்து, பதினேழாம் எண் தாளைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.