அசர்ட்டும் சோதனை எதிர்பார்ப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பைதன் செய்நிரல்களைத் திருத்தும்போது, எங்கள் தலைமுறை இழைத்த அதே பிழைகளையே மீண்டும் காண்கிறேன். தொடரியல் வழுக்களை மொழியே சுட்டிக்காட்டிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது, ஒரு நிபந்தனை பொய்யானால் செய்நிரலை நிறுத்தும் 'அசர்ட்' கட்டளையிலும், விளைவு எதிர்பார்த்தபடி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை வரிகளிலும் நேரும் பிழைகளைப் பற்றி.

அசர்ட்டுக்குள் வேலையை வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுக்கும் கொழுந்தின் எடையைப் பதியும் செய்நிரல் ஒன்றை எழுதிய மாணவர், எடை சுழியத்துக்கு மேற்பட்டதா என்பதை ஓர் அசர்ட்டாலும், பதிவேட்டில் சேர்க்கும் செயற்கூற்றை அழைத்து அது வெற்றி பெற்றதா என்பதை இன்னோர் அசர்ட்டாலும் சரிபார்த்திருந்தார். அவருடைய மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. வகுப்பின் சேவையகத்திலோ பைதன் உகப்பாக்கத் தெரிவுடன் ('-O') இயங்கியது. அத்தெரிவு இருந்தால் அசர்ட் வரிகள் முழுவதுமாக நீக்கப்படும், அவற்றுக்குள் இருக்கும் செயற்கூற்று அழைப்பும் சேர்ந்தே போய்விடும். ஆகவே, வழுச்செய்தி எதுவும் வராமலே ஓர் எடைகூடப் பதிவாகவில்லை. ஒத்திகை என்பதால் தப்பினோம். உண்மையான மடுவமாக இருந்திருந்தால், நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறித்தவருக்கு அரைப்பேர்கூட (அரை நாள் சம்பளம்கூட) விழுந்திருக்காது.

அசர்ட் என்பது, 'இந்த இடத்தில் இப்படித்தான் இருக்கும்' என்று எழுதுபவர் தம் தருக்கத்தைப் பற்றிச் சொல்லும் உறுதி மட்டுமே. வெளியிலிருந்து வரும் தரவை 'இஃப்' கொண்டு சோதித்து, தவறானால் 'வேல்யூஎரர்' என்னும் வழுவை எழுப்புங்கள். பதியும் அழைப்பைத் தனி வரியில் எழுதுங்கள். ஜாவாவில் அசர்ட் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கும், இயக்கும்போது கேட்டால்தான் வேலை செய்யும். சி மொழியில் 'என்டிபக்' என்னும் பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் அசர்ட் மறைந்துவிடும்.

நிபந்தனையையும் செய்தியையும் ஒரே அடைப்புக்குறிக்குள் இடுவது

பைதனில் அசர்ட்டின் நிபந்தனையையும் அது தோற்றால் காட்டும் செய்தியையும் இப்படிச் சேர்த்து அடைத்தால், அது வெறுமையற்ற டியூப்பிள் (மதிப்புகளின் தொகுதி) ஆகிவிடும். அது எப்போதும் உண்மை, ஆகவே அசர்ட் ஒருபோதும் தோற்காது.

எதிர்பார்ப்பின் வகையைக் கவனியாமை

சி++ மொழிக்கான சோதனைக் கருவியான கூகுள் டெஸ்டில் 'எக்ஸ்பெக்ட்' தோற்றாலும் சோதனை தொடரும், 'அசர்ட்' தோற்றால் அந்தச் செயற்கூறு அங்கேயே நின்றுவிடும். பட்டியலின் முதல் உறுப்பை எடுக்குமுன், அது வெறுமையல்ல என்பதை 'எக்ஸ்பெக்ட்' கொண்டு பார்ப்பது வீண், ஏனெனில் அது தோற்றபின்னும் அடுத்த வரி இல்லாத உறுப்பைத் தொடப் போகும். ஒன்றையொன்று சாராத பல மதிப்புகளை ஒப்பிடும்போது 'எக்ஸ்பெக்ட்' நல்லது. எல்லாத் தோல்விகளும் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

தசம எடைகளைச் சமக்குறியால் ஒப்பிடுவது

0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் பைதனில் 0.3க்குச் சமமாகாது. பைதன் சோதனைக் கருவியான பைடெஸ்டில், சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டு ஒப்பிடும் 'அப்ராக்ஸ்' இதற்காகவே இருக்கிறது.