ரேகைச் சட்டக் காலத்துக் கதைகளை வீட்ல எப்படி விசாரிக்கிறது

சாயல்குடி, கடலாடி, கமுதி பக்கம் நம்மாளுக வீட்ல வெள்ளைக்காரன் காலத்து ரேகைச் சட்டத்துல (அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம்; சில சாதிகளையே குற்றவாளின்னு முத்திரை குத்தி, கைரேகை வாங்கி, ஆம்பளைங்களை ராத்திரி ஸ்டேஷன்ல படுக்க வச்சது) தாத்தாவோட அப்பா கைரேகை வச்சாரான்னு தெரிஞ்சுக்கணும்னா இப்பவே கேட்டுருங்க, தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா போயிட்டு இருக்காங்க.

எடுத்த எடுப்புல குற்றப் பரம்பரைன்னு சொல்லி ஆரம்பிக்காதீங்க, அந்த வார்த்தை இன்னும் வலிக்குது. ராத்திரி ஆம்பளைங்க எங்க படுத்தாங்க, வெளியூர் போக ராதாரிச் சீட்டு (அனுமதிச் சீட்டு) யார் குடுத்தா, சீட்டு இல்லாம சிக்குனா என்ன ஆச்சுன்னு கேளுங்க, பேச்சு தானா வரும். அப்பத்தாகிட்ட தனியா உக்காருங்க, ஏன்னா ஆம்பளைங்க ஸ்டேஷன்ல கிடந்த ராத்திரியெல்லாம் வீட்டையும் பிள்ளைகளையும் பாத்தது பொம்பளைங்கதான், அத யாரும் எழுதி வைக்கல. போன்ல ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி சம்மதம் கேளுங்க.

வருஷம் சரிபார்க்க: சட்டம் 1871, மதராஸ் மாகாணத்துக்கு வந்தது 1911, இங்க ரத்தானது 1947. கைரேகை வைக்க மாட்டோம்னு நின்ன, உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3 துப்பாக்கிச் சூடு நடந்துச்சு. நம்ம பக்கம் முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊரா போய் இத எதிர்த்தாரு, அவரைப் பாத்த ஞாபகம் இருக்கான்னும் கேளுங்க.

பேப்பர் வேணும்னா எழும்பூர் ஆவணக் காப்பகம். ராமநாதபுரம் தனி ஜில்லாவானது 1910-லதான், அதுக்கு முந்துனது மதுரை ஃபைல்ல கிடக்கும். ஊர் பேரை பழைய இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல எழுதிட்டுப் போங்க.