உப்புக்காற்று ஊரில் வீட்டு ஒர்க்‌ஷாப்: டூ போஸ்ட் லிஃப்ட் நிறுத்துவது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் 30க்கு 24 அடியில் ஒரு கொட்டகை போட்டு, இரண்டு தூண்களுக்கு நடுவே காரைத் தூக்கி நிறுத்தும் 4 டன் டூ போஸ்ட் லிஃப்ட் ஒன்றை நிறுத்தியாகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் லிஃப்ட் எந்தக் கம்பெனி என்றுதான் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நம் கடற்கரையில் காசையும் கவனத்தையும் தரையில் போடுங்கள். இரண்டு டன் வண்டியை அந்தரத்தில் நிறுத்தி, அதன் அடியில் நீங்கள் நிற்கப் போகிறீர்கள்.

இடமும் உயரமும்

மனை கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். கடைக்கால் தோண்டும் முன் ஊராட்சியில் விசாரித்துவிடுங்கள்.

லிஃப்டின் மொத்த அகலம் 11, 11½ அடி வரும். அதற்கு 14 அடி விடுங்கள். பக்கவாட்டில் கருவிகளோடு நடக்க வேண்டுமே. உயரத்துக்குக் கணக்கு எளிது. லிஃப்ட் சுமார் 6 அடி தூக்கும், இன்னோவா கிரிஸ்டா 6 அடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆக 12 அடி. கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான ட்ரஸின் அடிக்கம்பியே 14 அடியில் இருக்கட்டும். ஃபேனையும் டியூப்லைட்டையும் வண்டிக்கு நேர் மேலே தொங்கவிடாதீர்கள்.

மண்

சீமைக்கருவேலம் இருந்த இடமென்றால் மரத்தை வெட்டினால் போதாது, வேர்க்கட்டையையும் ஜேசிபி வைத்துப் பிடுங்குங்கள். உள்ளே விட்டால் அது மக்கி, தளத்துக்கு அடியில் பொந்து விழும். லிஃப்ட் கால் அதற்கு மேல் வந்தால் அவ்வளவுதான்.

நம் ஊர் மணல் காலில் சரிந்து ஓடுகிறதே என்று பயப்பட வேண்டாம். சுற்றிலும் பேஸ்மென்ட் சுவர் எழுப்பிவிட்டு, அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, பிளேட் வைப்ரேட்டர் ஓட்டினால் நன்றாக இறுகும். அந்த மிஷினை வாடகைக்கு எடுங்கள். கையால் இடித்தாலே போதும் என்று மேஸ்திரி சொல்வார், கேட்காதீர்கள். தரைமட்டத்தையும் தெருவைவிட நன்றாக உயர்த்துங்கள். 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்று கொட்டிய மழையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

அதற்கு மேல் தடித்த பாலித்தீன் ஷீட். கீழேயிருக்கும் உப்பு ஈரம் கான்கிரீட்டில் ஏறாமல் தடுக்கும்.

தண்ணீர்

இங்கேதான் நம் பகுதியில் பாதி வேலைகள் கெடுகின்றன. போர் தண்ணீரை அப்படியே கலவைக்கு விட்டுவிடுவார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் ஆகாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456. நாக்கில் வைத்தாலே கரிக்கிற தண்ணீர் அந்த அளவைத் தாண்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்துப் பாருங்கள், பெரிய செலவில்லை. தேறாவிட்டால் நல்ல தண்ணீர் லாரி சொல்லுங்கள். கியூரிங்குக்கும் அதே தண்ணீர்தான். "நனைக்கத்தானே" என்று உப்புத் தண்ணீர் அடித்தால் செய்ததெல்லாம் வீண். கடற்கரை மணலைக் கலவைக்கு அருகில்கூட விடாதீர்கள், எம்-சாண்ட் போதும்.

கடற்கரைச் சூழலுக்கு அதே விதிநூல் கேட்பது எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட். சிமென்டில் என் ஓட்டு இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்டுக்கு. அது கிடைக்காவிட்டால் சாம்பல் கலந்த பிபிசி. உப்பைத் தாங்குவதில் இரண்டுமே எதுவும் கலக்காத சாதா ஓபிசியைவிட மேல்.

கம்பியும் அச்சுப்பலகையும்

லிஃப்ட் கையேட்டில் குறைந்தபட்சத் தடிமன் இருக்கும். பலவற்றில் 4 அங்குலம்தான் போட்டிருக்கும். மணல்மேல் கட்டும் நமக்கு அது பற்றாது. லிஃப்ட் நிற்கும் பகுதியில் நான் 8 அங்குலம் போட்டேன், 12 மி.மீ. கம்பி இரண்டு அடுக்காக.

கம்பி கட்டியதும் உடனே கான்கிரீட் ஊற்ற விடாதீர்கள். லிஃப்டின் பேஸ் பிளேட் அளவில் பிளைவுட் வெட்டி, போல்ட் துளைகளைக் குறித்து, அது உட்காரும் இடத்தில் வையுங்கள். துளைக்கு நேர் கீழே எந்தக் கம்பியும் வராதபடி நகர்த்திக் கட்டச் சொல்லுங்கள். "பிறகு பார்த்துக்கலாம்" என்பார்கள். பிறகு பார்த்தால் பாதி ஆழத்தில் டிரில் கம்பியில் முட்டி நிற்கும், பிட் கருகும், துளையைத் தள்ளிப் போடவும் முடியாது, ஏனென்றால் பிளேட்டில் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அப்புறம் கம்பி எங்கே ஓடுகிறது என்று பின்னால் தெரிய, டேப்பை விரித்து வைத்து நாலு பக்கமும் ஃபோட்டோ எடுங்கள்.

ஆங்கர் போல்ட்

கான்கிரீட்டை 28 நாள் முழுசாக விடுங்கள், மேலே போட்ட சாக்கின் ஈரம் காயக் கூடாது. அதற்குப் பிறகுதான் லிஃப்டைத் தளத்தோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுக்குத் துளை. வீட்டில் இருக்கும் சாதா டிரில் இதற்கு ஆகாது, இடித்துக்கொண்டே துளைக்கும் எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர் வேண்டும். பிட் அளவு கையேட்டில் சொன்னபடியே. துளைக்குள் நிற்கும் சிமென்ட் தூள் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வாயால் ஊதினால் கண்ணுக்குத்தான் வரும். பிரஷ் விட்டுச் சுழற்றி, பம்பால் ஊதி, மறுபடி பிரஷ், மறுபடி பம்ப். தூள் இருந்தால் ஆங்கர் பிடித்ததுபோல் தெரியும், சுமை ஏறியதும் மெல்ல மேலே வரும்.

தூக்குக்குண்டு விட்டு இரண்டு திசையிலும் தூணைப் பாருங்கள். சாய்ந்திருந்தால் பிளேட்டுக்கு அடியில் மெல்லிய தகடு (ஷிம்) கொடுத்துச் சரிசெய்யுங்கள், போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். கடைசியாக, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச், கையேட்டில் உள்ள அளவுக்கு. சில வாரம் ஓட்டிய பிறகு இன்னொரு முறை.

கரண்ட்

த்ரீ ஃபேஸ் இருந்தால் அந்த மோட்டாரையே வாங்குங்கள். சிங்கிள் ஃபேஸ் 3 எச்பி மோட்டார் சாயங்கால லோ வோல்டேஜில் முனகும். தனி எம்சிபி, தனி வயர்.

கூரையும் துருவும்

கூரைக்கு அலுமினியம்-துத்தநாகப் பூச்சுள்ள கால்வல்யூம் ஷீட். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஷீட் தாங்கும், முதலில் துருப்பிடித்து விடுவது ஸ்க்ரூதான். ஸ்க்ரூவில் கஞ்சத்தனம் வேண்டாம். லிஃப்டில் துரு முதலில் தேடிப் போவது இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் ஏறும்படி சமன்படுத்தும் வயர் ரோப்பை. மாதம் ஒருமுறை துணியால் வழித்துத் துடைத்தால், இழை அறுந்திருந்தால் துணியில் மாட்டும். மாட்டினால் ரோப்பை மாற்றிவிட வேண்டும், வெறும் கிரீஸ் தடவிச் சமாளிக்கக் கூடாது.

வண்டியை ஏற்றியதும் சேஃப்டி லாக் இரண்டு தூணிலும் விழுந்ததா என்று காதால் கேட்டு, லாக்மேல் இறக்கி உட்கார வைத்த பிறகே அடியில் போங்கள். ஆயில் அழுத்தத்தை நம்பி நிற்பவர்களை என் கொட்டகையில் விடுவதில்லை. பொலேரோவுக்கு, லிஃப்ட் ஆர்மின் நுனியில் இருக்கும் பேடு சேஸிஸில் உட்கார வேண்டும், சின்ன கார்களுக்கு ஜாக்கி பாயின்டில். எஞ்சினைக் கழற்றினால் எடை பின்னால் போகும் என்பதையும் யோசித்து ஆர்மை வையுங்கள்.

பிறகு சேர்த்தது: ஏற்கெனவே தளம் போட்ட கொட்டகையில் லிஃப்ட் நிறுத்தலாமா என்று தொண்டியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மூலையில் ஒரு துளை போட்டு, நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு, அடியில் கொக்கி மாட்டி அளந்து பாருங்கள். தடிமன் போதாவிட்டால், அல்லது துளையிலிருந்து வரும் தூள் ஈரமாக உப்புக் கரித்தால், லிஃப்ட் வரும் இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்து, மேலே சொன்னபடி புதிதாக ஊற்றுங்கள். போல்ட் துளை பழைய தளத்தோடு சேரும் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும் அளவுக்கு அந்தச் சதுரம் பெரிதாக வேண்டும்.