அடைத்து முடித்த வீட்டுக்கடனில் கூடுதல் வட்டி பிடித்தார்களா என்று சரிபார்ப்பது எப்படி?

கடனை அடைத்துப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிய பிறகு அந்தக் கணக்கைப் பெரும்பாலோர் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் கடன் முடிந்துவிட்டது என்பதாலேயே கணக்கு சரியாக இருந்தது என்று ஆகிவிடாது.

முதலில் கடன் ஒப்பந்தம், வட்டி விகிதம் மாறியபோது வந்த கடிதங்கள், கடன் முடிப்புக் கணக்கு ஆகியவற்றைத் தேடி எடுத்துக்கொண்டு, கடன் கணக்கின் முழு அறிக்கையையும் கடன் தந்த நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். ஆண்டுதோறும் தரும் வட்டிச் சான்றிதழ் போதாது. ஒவ்வொரு வரவும் பற்றும் தேதியுடன் தேவை. பழைய பதிவுகளை நிறுவனங்கள் என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கவும் பொதுவாகச் சட்டத்தில் காலக்கெடு உண்டு. ஆகவே தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து, எக்செல் போன்ற ஒன்றில் தேதி, நிலுவை, நாட்கள், வட்டி விகிதம், வட்டி, தவணை, கட்டணம் என்று பத்திகள் அமைத்து, ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படியே கடனை முதலிலிருந்து நாமே கணக்கிட வேண்டும். வட்டி நாள் நிலுவைக்கா, மாத நிலுவைக்கா, ஆண்டு நிலுவைக்கா என்பதை ஒப்பந்தத்தில் பார்க்காமல் தொடங்கினால் உழைப்பு வீண்.

நம் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் உள்ள வேறுபாடு எப்படி வளர்கிறது என்பதுதான் முக்கியத் தடயம். சில காசுகள் ஏறி இறங்கினால் அது தொகையை முழு எண்ணாக்குவதன் விளைவு, விட்டுவிடலாம். மாதாமாதம் சீராக வளர்ந்தால் விகிதத்திலோ நாள் கணக்கிலோ பிழை இருக்கும்: 10,00,000 நிலுவைக்கு 9 சதவீதத்தில் ஓராண்டு வட்டி 90,000, ஆண்டுக்கு 360 நாள் என்று வகுத்துவிட்டு 365 நாளுக்கும் வசூலித்தால் அது 91,250 ஆகிவிடும். நம் கடனின் வட்டி எதைப் பொறுத்து மாறுகிறதோ அந்த அடிப்படை விகிதம் குறைந்த தேதியிலிருந்து வேறுபாடு தொடங்கினால், குறைப்பை நம் கணக்குக்குத் தாமதமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஒரே இடத்தில் திடீரென்று தாவினால், அங்கே ஏதோ கட்டணமோ காப்பீட்டுப் பிரீமியமோ நுழைந்திருக்கும், அல்லது நாம் கட்டிய தொகை தாமதமாக வரவு வைக்கப்பட்டிருக்கும். 9 சதவீதக் கடனில் நாம் முன்கூட்டியே கட்டிய 5,00,000 தொகையைப் பத்து நாள் தாமதித்து வரவு வைத்தாலே ஏறத்தாழ 1,233 கூடுதலாகும். அது நிலுவையில் சேர்ந்து, அதன்மேலும் வட்டி ஓடும்.

கடைசி மாதத்தைத் தனியாகப் பார்ப்பது நல்லது. முன்கூட்டியே அடைத்ததற்கான அபராதம் ஒப்பந்தத்தில் உள்ளதா, பணம் கட்டிய நாளுக்குப் பிறகும் வட்டி ஓடியதா, கணக்கு முடிந்த பின்னும் தவணை பிடித்தார்களா என்பவை அங்கேதான் தெரியும்.

பிழை உறுதியானால், "அதிகம் வாங்கிவிட்டீர்கள்" என்று பொதுவாக எழுதாமல், தேதி, ஒப்பந்தப் பிரிவு, அவர்கள் போட்ட தொகை, ஒப்பந்தப்படி போட்டிருக்க வேண்டிய தொகை ஆகியவற்றைக் குறித்து, கணக்குத் தாளையும் இணைத்து அனுப்ப வேண்டும். கிளையில் பதில் இல்லையென்றால் குறைதீர்ப்பு அதிகாரியிடமும், பிறகு ஒழுங்குமுறை அமைப்பிடமும் போகலாம். மீட்டுத் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் பத்திரங்களை ஒப்படைக்க வேண்டாம். ஒரு பகுதியைத் திருப்பித் தர முன்வரும் நிறுவனம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துக் கேட்கக்கூடும். மீதித் தொகையைக் கணக்கிட்டுப் பார்க்காமல் அதில் கையெழுத்திடக் கூடாது.