யப்பானின் சாமுராய்க் கிராமங்களுக்குக் கார் ஓட்டிப் போவது எப்படி: கிளிநொச்சியிலிருந்து ஒரு வழிகாட்டல்

எங்கள் வீட்டு வான், காலையில் திறப்பைத் திருப்பியதும் ஒரு பெண் குரலில் யப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். உங்கள் வீட்டு வாகனமும் அப்படிக் கதைக்கக்கூடும், வன்னியில் ஓடுகிறவற்றில் எத்தனையோ அங்கிருந்து வந்திறங்கியவைதானே. அது வணக்கம் சொல்கிறது என்றுதான் அம்மா நம்பியிருந்தார். நகோயாவில் வேலை செய்கிற தம்பியிடம் போனபோதுதான் அர்த்தம் தெரிந்தது: "ஈ.டி.சி. கார்ட் செருகப்படவில்லை." அதிவேக வீதியில் நிற்காமலே காசு கட்டுகிற அட்டை அது. வாடகைக்குக் கார் எடுக்கும்போது முதலில் அதைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஊதா நிறப் பலகை தொங்கும் வாசலுக்குள் நுழையவேண்டாம், பச்சைப் பலகை வாசலில் துண்டு எடுத்து, இறங்கும் இடத்தில் காசு கட்டலாம். கட்டணம் கொஞ்சம் கடிக்கும், நான்கு பேராகப் போனால் தாங்கும்.

அங்கேயும் இடப்பக்க ஓட்டம், வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் ஐரோப்பாவிலிருந்து வருகிற நம் சொந்தக்காரர் படுகிற பாடு நமக்கில்லை. கடுதாசிதான் முக்கியம். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரங்களில் 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி கொடுக்கப்படுவதை மட்டும்தான் யப்பான் ஏற்கும். இலங்கையும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது, ஆகவே புறப்படுமுன் இங்கேயே எடுத்துவிடுங்கள். ஊர் லைசென்ஸும் கடவுச்சீட்டும் அதோடு சேர்ந்து கையில் இருக்கவேண்டும். காலம் என்றால் ஒக்டோபர் கடைசி, நவம்பர் நல்லது, மலையெல்லாம் சிவந்து கிடக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பனி விழுகிற மலைப்பாதை. பனி ரயர் போட்ட காராக இருந்தாலும் ஏ9 வீதியில் பழகிய கைக்கு அது விளையாட்டில்லை, விட்டுவிடுங்கள்.

அப்புறம் பெற்றோல். 660 சிசி சின்னக் கார்களை அங்கே "கெய்" என்பார்கள். டீசலுக்குப் பெயர் "கெய்யு". கெய் காருக்குக் கெய்யுதான் என்று நினைத்து அடித்து எஞ்சினைக் கெடுத்த ஆட்கள் அந்த நாட்டுக்காரரிலேயே இருக்கிறார்கள். நானும் பச்சைக் குழாயைக் கையில் எடுத்துவிட்டேன், தம்பி போட்ட சத்தத்தில் நின்றேன். சிவப்புத்தான் சாதாரண பெற்றோல், பச்சை டீசல். "ரெகியுரா, மன்தான்" என்றால் தாங்கி நிறைய அடிப்பார்கள். மலை ஏறவேண்டும், நான்கு பேர் என்றால் கெய் காரையே எடுக்காதீர்கள், மூச்சு வாங்கும்.

புகையிரதக் கடவையில் மட்டும் ஊர்ப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். கதவு திறந்திருந்தாலும், கண்ணுக்கெட்டிய தூரம் ரயிலே இல்லாவிட்டாலும், கோட்டுக்கு முன் முழுதாக நிறுத்தித்தான் கடக்கவேண்டும், அது சட்டம். தம்பி யன்னலைக் கொஞ்சம் இறக்கிக் காது கொடுத்துவிட்டுத்தான் எடுப்பான். காவல் இல்லாத கடவைகளில் ஆட்களை இழந்த ஊர்க்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சரி, பாதை. நகோயாவில் தொடங்கி நகோயாவில் முடிகிற நான்கு நாள் சுற்று இது. கோட்டைகளைக் குறையுங்கள் என்பதுதான் என் கட்சி. நகோயாக் கோட்டையும் ஒசாகாக் கோட்டையும் இருபதாம் நூற்றாண்டில் கொங்கிறீற்றில் திரும்பக் கட்டியவை. பழைய கோபுரத்தோடு நிற்பவை நாடு முழுவதிலும் 12தான், அதில் ஒன்று வழியிலேயே இருக்கிறது: இனுயாமா. கிசோ ஆற்றுக்கு மேலே சின்னதாக நிற்கும். மரப்படி ஏணி மாதிரிச் செங்குத்து, சேலை கட்டிய பெண்கள் யோசித்து ஏறுங்கள். ஒரு மணித்தியாலம் போதும். மிச்ச நேரத்தைப் பட்டறைகளுக்குக் கொடுங்கள்.

முதற் பட்டறை ஊர் செக்கி. எழுநூறு வருடத்துக்கு மேலாக வாள் அடித்த ஊர். 1876இல் அரசு, வாள் கட்டிக்கொண்டு வெளியே போகக்கூடாது என்று சாமுராய்களுக்கு உத்தரவு போட்டது, கொல்லர்கள் சமையற்கத்திக்கும் பேனாக்கத்திக்கும் மாறினார்கள். இன்றைக்கும் ஊர் முழுக்கக் கத்திதான். அங்குள்ள வாள்கொல்லர் அருங்காட்சியகத்தில் உலையில் அடித்துக் காட்டுவது வருடத்தில் சில நாட்களில் மட்டும், ஆகவே முதலில் அந்தத் தேதியைப் பிடியுங்கள், பிறகு விமான ரிக்கற்றைப் போடுங்கள். உருக்குத் துண்டில் வைக்கோல் சாம்பல் பூசி, களிமண் தண்ணீர் ஊற்றி, மரக்கரி உலைக்குள் தள்ளுகிறார்கள். வெளியே எடுத்ததும் அடைகல்லில் தண்ணீர் தெளித்து முதல் அடி விழுகிறபோது வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம், செதில்கள் பறக்கும், முன்வரிசையில் இருந்த நான் கதிரையோடு பின்னுக்குப் போனேன். குரு சின்னச் சுத்தியலால் தட்டிக் காட்டும் இடத்தில் சீடன் பெரிய சம்மட்டியால் அடிக்கிறான், டிங்-டொம், டிங்-டொம். எங்கள் ஊர்க் கொல்லர் பட்டறையில் கொடுவாக்கத்தி அடிக்கும்போது கேட்கிற அதே தாளம்.

கத்தி வாங்காமல் வரமாட்டீர்கள். வாங்குங்கள், ஆனால் பெட்டியைப் பிரிக்காமல் காரின் பின்பெட்டியில் வையுங்கள். காரணமில்லாமல் 6 சென்டிமீற்றருக்கு மேல் அலகுள்ள கத்தியோடு திரிந்தால் அங்கே குற்றம். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பைக்குள்ளும் வைக்கமுடியாது.

இரண்டாம் நாள், பக்கத்திலேயே இருக்கிற மினோ. முசுக்கட்டை இனத்து மரப்பட்டையிலிருந்து கடுதாசி செய்கிறார்கள், 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நீங்களே ஒரு தாள் அலசி எடுத்துக்கொண்டு வரலாம், பிள்ளைகள் இருந்தால் தவறவிடாதீர்கள். அன்று இரவு குஜோ ஹச்சிமானில் தங்குங்கள். வீதியோர வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். சாப்பாட்டுக்கடை யன்னலில் வைக்கிற மெழுகுச் சாப்பாட்டுக்கும் பெயர்போன ஊர் அது, அதையும் செய்து பழகலாம். ஓகஸ்ட் 13 முதல் 16 வரை விடிய விடிய ஆடுவார்கள். அந்த நாட்களில் அறை கிடைக்காது.

மூன்றாம் நாள் சிரகவாகோ. வழியில் ஹிடா சுரங்கம், ஏறத்தாழ 10.7 கிலோமீற்றர். ஓமந்தையில் மலைக்குள் நுழைந்து புளியங்குளத்துக்குக் கிட்டப் போய் வெளிச்சத்தைக் காண்பது மாதிரி. வெளியே வந்தால் செங்குத்தான புற்கூரை வீடுகள். ஆணி அடிக்காமல் கயிற்றாலும் வளைந்த இளங்கொம்பாலும் கூரையைக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் கிடுகு இரண்டு மாரி தாங்கினால் பெரிய காரியம், இது முப்பது வருடத்துக்கு மேல் நிற்குமாம். வேயும் நாளில் ஊரே திரண்டு வந்து கூலியில்லாமல் வேய்ந்து கொடுக்கும், "யுய்" என்று பெயர். வேலி அடைக்கக் கைமாற்றாக ஆள் போன காலத்தை அறிந்தவர்களுக்கு அது புதிதில்லை. சாமுராய்க்கும் இந்த வீடுகளுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள்: பக்கத்துக் கோகயாமாவில் இதே மாதிரி வீடுகளின் தரைக்குக் கீழே மண்ணைப் புளிக்கவைத்து வெடியுப்பு எடுத்துக் காகாப் பிரபுவுக்குக் கொடுத்தார்கள். மேல்மாடியில் பட்டுப்புழு, கீழே வெடிமருந்து.

தக்கயாமாவில் சனம் நெருக்கம். 1692இலிருந்து, நாட்டை ஆண்ட இராணுவத் தலைவரான ஷோகுனின் நேரடி ஆட்சிக்குப் போன ஊர். அந்த ஆட்சியின் பழைய கச்சேரியான "ஜின்யா"வை மட்டும் பாருங்கள், வரி நெல்லை அடுக்கிய களஞ்சியம் அங்கே இருக்கிறது.

கடைசி நாள் காரை மகோமேயில் விட்டுவிட்டு ட்சுமகோ வரை நடவுங்கள், ஏறத்தாழ 8 கிலோமீற்றர். எடோவுக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, பிரபுக்கள் பரிவாரத்தோடு போன நக்கசென்தோ பாதை. வழியில் மணிகள் தொங்கும், கரடி ஒதுங்கட்டும் என்று அடித்துவிட்டுப் போங்கள். யானைக்கு வெடி கொளுத்திப் பழகிய எனக்கு அந்தச் சின்ன மணியில் நம்பிக்கை வரவில்லை, ஒவ்வொன்றையும் மூன்று தரம் அடித்தேன். வால்நட் பூசிச் சுட்ட சோற்றுக்கட்டி, கோஹேய் மோச்சி, சூட்டோடு சாப்பிடுங்கள். திரும்பி வர பஸ் ஒருசிலதான் உண்டு, நடக்கத் தொடங்குமுன்பே நேரத்தைப் படம் எடுத்து வையுங்கள். நாங்கள் எடுக்காமல் ஒன்றரை மணித்தியாலம் திண்ணையில் இருந்தோம். அன்றைக்கே நகோயாவுக்கு இறங்கிவிடலாம். காரைத் திருப்பிக் கொடுக்குமுன் தாங்கியை நிரப்பி, பற்றுச்சீட்டைக் காட்டவேண்டும், கேட்பார்கள்.