குளிசைப் பெயரைப் பின்னாலிருந்து வாசிப்பது எப்படி?

திருகோணமலை வைத்தியசாலைக் கிளினிக்கில் பிரஷர் குளிசையான லோசார்டன் தீர்ந்துவிட்டால் வெளிப் பார்மசியில்தான் வாங்க வேண்டியிருக்கும். அங்கே பெட்டியில் பெரிதாக இருப்பது கம்பனி வைத்த பெயர். அதை விட்டுவிட்டுக் கீழே சிறிய எழுத்தில் உள்ள பொதுப்பெயரை, அதாவது எந்தக் கம்பனி செய்தாலும் மாறாத மருந்தின் பெயரைத் தேடுங்கள். அடுத்த மாதம் கிளினிக்கிலும் லோசார்டன் கிடைத்து, இரண்டையும் வேறு வேறு மருந்தென்று நினைத்துச் சேர்த்து விழுங்கினால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கும், தலை சுற்றி விழ நேரும்.

பொதுப்பெயர்ப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் வெளியிட்டு வருகிறது. ஒரே விதமாக வேலை செய்யும் மருந்துகளுக்குப் பெயரின் கடைசிப் பகுதி, அதாவது ஈறு, பெரும்பாலும் ஒன்றுதான். லோசார்டன், டெல்மிசார்டன்: ஈறு 'சார்டன்'. எனலாபிரில், லிசினோபிரில்: 'பிரில்'. அட்டனோலோல், பிசோப்ரோலோல்: 'ஓலோல்', முட்டு வருத்தம் உள்ளவர்கள் இந்த ஈற்றைக் கண்டால் விழுங்குமுன் டொக்டரிடம் சொல்லவேண்டும். அம்லோடிபின், நிஃபெடிபின்: 'டிபின்'. நான்கு வகையும் பிரஷருக்குக் கொடுபடுபவை. சார்டனோடு டிபின் சேர்ந்து வருவது வழமை, பயப்பட வேண்டாம். ஒரே ஈற்றில் இரண்டு இருந்தால் கட்டாயம் கேளுங்கள். சார்டனும் பிரிலும் சேர்ந்தாலும் கேளுங்கள்: ஈறு வேறானாலும் இரண்டும் கைவைப்பது ஒரே இடத்தில், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் பாதிக்கப்படும்.

பெயரின் முன்பாதியை நம்பவே கூடாது. மெட்ஃபோர்மின் சீனி வருத்தத்துக்கு, மெட்ரோனிடசோல் கிருமிக்கு. ஈற்றையும் முழுதாக வாசிக்க வேண்டும். ஒமெப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பது. அரிபிப்ரசோலோ மனநோய்க்கானது, அதன் ஈறு 'பிப்ரசோல்'. கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினைப் போலவே நிஸ்டாட்டினும் முடிகிறது. ஆனால் அது பூஞ்சணத்துக்கான மருந்து. அதன் பெயர் நியூயோர்க் மாநிலத்தின் பெயரிலிருந்து வந்தது.

பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அமொக்சிசிலின், குளொக்சசிலின் என்று 'சிலின்' ஈறு தெரிந்தால் தப்பிவிடலாம். கோ-அமொக்சிகிளாவ் என்ற பெயரில் அந்த ஈறு இல்லை, உள்ளே இருப்பது அமொக்சிசிலின்தான். ஆகவே ஈற்றைப் பார்த்ததோடு நிற்காமல், பெனிசிலின் ஒவ்வாமை என்று கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்திலேயே சிவப்பு மையால் எழுதுவியுங்கள். பார்மசியிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குளிசை அட்டையை வெட்டும்போது பொதுப்பெயரும் மில்லிகிராம் அளவும் உள்ள துண்டைக் கடைசிவரை வைத்திருங்கள்.